146,679: ஓர் எண்ணைக் கணக்காகப் பார்த்தல்

146,679 என்ற எண்ணை எங்களில் பலர் பாராமலே சொல்வோம். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த எண் அது. நான் கணிதம் படிப்பித்தவன். அதை வெறும் எண்ணாகவும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஒன்று: இது எண்ணிப் பெற்ற எண் அல்ல, கழித்துப் பெற்றது. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர், கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவுப்படி 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர், ஐ.நா. கணக்கின்படி 282,380 பேர். இந்த இரண்டாவது எண்ணில் நானும் ஒருவன்.

கழித்தல் சரியா? வகுப்பில் படிப்பிக்கும் இலக்கச் சுட்டியே போதும். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 29, பிறகு 11, பிறகு 2. அடுத்ததில் 23, பிறகு 5. இரண்டில் ஐந்து போகாது. 9 சேர்த்துக் கழித்தால் 6. விடையின் இலக்கங்கள் 33, சுட்டி 6. பொருந்துகிறது. ஆனால் இச்சோதனைக்கு ஒரு குறை உண்டு. 146,769 என்று இலக்கம் இடம்மாறி எழுதினாலும் சுட்டி 6 தான். பகிரும்போது கவனம் வேண்டும்.

கழித்துப் பெற்ற எண்ணில் மூலப் பதிவுகளின் பிழை முழுவதும் வந்து சேரும். கச்சேரிப் பதிவில் நூற்றுக்கு ஒன்று பிழை என்றால் ஏறக்குறைய 4,290 பேர்; அது விடையில் நூற்றுக்கு மூன்று அளவு. பதிவு கூட்டி எழுதப்பட்டது என்று சொல்வோர் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் விடை பூச்சியமாக வேண்டுமானால், கச்சேரிப் பதிவில் நூற்றுக்கு 34 பேர் இல்லாத ஆட்களாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு பிழையை எந்தக் கிராம அலுவலரின் பதிவேட்டிலும் நான் கண்டதில்லை. அதேவேளை, இந்த எண் இறந்தோரின் தொகை என்றும் சொல்ல முடியாது. ஆயரும் அப்படிச் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்டார்.

காரணிகளைப் பார்த்தால், இது ஓர் ஒற்றை எண். 3 ஆலும் 13 ஆலும் வகுபடும். மிஞ்சும் 3,761 ஒரு முதன்மை எண். அதாவது 39 பிள்ளைகள் கொண்ட 3,761 வகுப்பறைகள், ஒருவரும் மிச்சமில்லாமல். ஒரு செக்கனுக்கு ஒருவராக எண்ணினால் 40 மணித்தியாலம் 44 நிமிடம் 39 செக்கன் ஆகும்.

மேடைகளில் ஒன்றரை இலட்சம் என்கிறார்கள். அப்படி மட்டந்தட்டினால் 3,321 பேர் கூடிவிடுகிறார்கள். ஓர் இலட்சத்து நாற்பத்தாறாயிரம் என்றால் 679 பேர் விடுபடுகிறார்கள். வகுப்பில் மட்டந்தட்டலை எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். இந்த எண்ணை மட்டும் நான் மட்டந்தட்டுவதில்லை. என் தங்கையின் மூத்த மகன் முதல் பதிவில் இருந்தான், இரண்டாவதில் இல்லை.