கற்பித்தல் இயலுமா? அரவிந்தரின் கல்விக் கொள்கையும் புதுச்சேரி ஆசிரமப் பள்ளியும்

1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் ‘கர்மயோகின்’ இதழில் தேசியக் கல்வி குறித்து அரவிந்தர் எழுதிய தொடர் மூன்று கொள்கைகளை முன்வைத்தது. எதையும் எவருக்கும் கற்பித்துவிட இயலாது, ஆசிரியர் வழிகாட்டி மட்டுமே என்பது முதலாவது. மனத்தின் இயல்பறிந்தே அதன் வளர்ச்சி அமைய வேண்டும் என்பது அடுத்தது. அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்ல வேண்டும் என்பது மூன்றாவது. அவ்வாண்டு ஏப்ரல் 4 அன்று அவர் புதுச்சேரி வந்தடைந்தார்.

இக்கொள்கைகளுக்குப் பள்ளி வாய்க்க 33 ஆண்டுகளாயின. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அடைக்கலம் தேடி வந்த அடியார் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1943 டிசம்பர் 2 அன்று ஸ்ரீ அன்னை அதனைத் தொடங்கினார். பின்னர் அங்கு வளர்ந்த ‘தடையற்ற முன்னேற்ற’ முறையில் மாணவர் தம் பாடத்தையும் வேகத்தையும் பெரிதும் தாமே தெரிவு செய்வர், பட்டம் வழங்கப்படுவதில்லை. மதிப்பெண்ணே கல்வியாகிவிட்ட சூழலில் இது சிறிய துணிவன்று.

மூன்றாம் கொள்கைதான் நெருடுகிறது. தாய்மொழியே உரிய பயிற்றுமொழி என அதே தொடர் வலியுறுத்தியிருந்தது. பள்ளியிலோ கணிதமும் அறிவியலும் பிரெஞ்சில் அமைந்தன. பிற பாடங்களுள் பல ஆங்கிலத்தில் நடந்தன. தமிழ் மொழிப்பாடமாக நின்றது. இதனை முரண் என்று மட்டும் கூறிவிடுதல் எளிது. ஆனால் வங்கம், குஜராத் எனப் பல நிலங்களிலிருந்து வந்த அப்பிள்ளைகளுள் பலருக்குத் தமிழும் தாய்மொழியன்று. ‘அண்மை’ எது என்பதையே பள்ளி புதிதாக வரையறுக்க வேண்டியிருந்தது.