மாருதிக்குள் ஒரு ரேஸ் கார்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாருதி 800-ல் குடும்பத்தோடு போனவர்கள் ஏராளம். அந்த 796 சி.சி. எஞ்சினை ரேஸில் ஓடவிடலாம் என்று யாருக்காவது தோன்றியதா? கோவை கரிவரதனுக்குத் தோன்றியது!

சோழவரம் ரேஸ் காலத்தில் ஃபியட், ஹெரால்டு வண்டிகளைக் குடைந்து வேகம் கூட்டிப் பார்த்தார்கள். ஆனால் நிஜ ரேஸ் கார் என்றால் அது பணக்காரர் சமாசாரம். ஓட்டத் தெரிந்தாலும் பர்ஸ் இடம் கொடுக்காது. ரேஸ் வீரரான கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் மாருதி எஞ்சினை எடுத்து, தரையோடு ஒட்டின ஒற்றை சீட் வண்டியில் பொருத்தினார். 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின். எனவே ஜெயிக்கவேண்டியது கைதான், காசு இல்லை.

அந்த வண்டியில் ஆரம்பித்த கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-லேயே போய்விட்டார். வயசு 41.