படோசன் (திரைப்படம்)

படோசன் (பக்கத்து வீட்டுப் பெண்) 1968-இல் வெளிவந்த இந்தி நகைச்சுவைக் காதல் படம். ஜோதி ஸ்வரூப் இயக்க, நடிகர் மெஹ்மூத்தும் என். சி. சிப்பியும் தயாரித்தனர். சுனில் தத், சாயிரா பானு, கிஷோர் குமார், மெஹ்மூத், ஓம் பிரகாஷ் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர்.

தோற்றம்

படத்தின் மூலம் வங்காளத்தில் இருக்கிறது. அருண் சௌத்ரியின் சிறுகதையைக் கொண்டு 1952-இல் ‘பாஷேர் பாரி’ என்ற வங்கப் படம் எடுக்கப்பட்டது. மறு ஆண்டே அது தெலுங்கில் ‘பக்க இன்டி அம்மாயி’ ஆனது, பாடகர் ஏ. எம். ராஜா அதில் நடித்தார். அந்தப் படத்தின் நாயகி அஞ்சலிதேவியே 1960-இல் வேதாந்தம் ராகவையா இயக்கிய ‘அடுத்த வீட்டுப் பெண்’ படத்திலும் நடித்தார். டி. ஆர். ராமச்சந்திரன், கே. ஏ. தங்கவேலு ஆகியோரின் நகைச்சுவையும், ஆதிநாராயணராவின் இசையில் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடியதும் அத்தமிழ்ப் படத்துக்குப் புகழ் சேர்த்தன. இந்தி வடிவம் இவற்றுக்கெல்லாம் பிறகு வந்தது.

கதை

மணமாகாத வெகுளி இளைஞன் போலா. வயதான காலத்தில் இன்னொரு திருமணத்துக்கு அலையும் மாமாவிடம் கோபித்துக்கொண்டு மாமி வீட்டுக்குக் குடிவருகிறான். பக்கத்து வீட்டு பிந்துவுக்குச் சங்கீதத்தில் பித்து. அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் மாஸ்டர் பிள்ளைக்கோ அவள்மேல் ஆசை. போலாவுக்குப் பாட வராது. நாடகக்குழு நடத்தும் நண்பன் வித்யாபதி ஒளிந்திருந்து பாட, போலா சன்னலோரம் நின்று வாயசைக்கிறான். குட்டு வெளிப்பட்டதும் பிந்து வெகுண்டு பிள்ளையை மணக்கச் சம்மதிக்கிறாள். போலா இறந்துவிட்டதாக வித்யாபதி நடத்தும் நாடகம் அவள் மனத்தை மாற்றுகிறது.

தயாரிப்பும் இசையும்

திரைக்கதையையும் பாடல்களையும் எழுதியவர் ராஜேந்திர கிருஷன், சென்னை ஏவி.எம். நிறுவனத்தின் இந்திப் படங்களுக்குப் பாட்டெழுதியவர். ஆர். டி. பர்மனை ‘சோட்டே நவாப்’ (1961) மூலம் இசையமைப்பாளராக அறிமுகப்படுத்திய மெஹ்மூத், இதிலும் அவரையே அமர்த்தினார். ‘மதர் இந்தியா’ (1957), ‘முஜே ஜீனே தோ’ (1963) போன்ற படங்களில் முரட்டு வேடங்கள் ஏற்ற சுனில் தத், இங்கே அசட்டு இளைஞன் போலாவாக வந்தது புதுமை.

படத்தின் உச்சம், மாஸ்டர் பிள்ளையும் (மெஹ்மூத்) வித்யாபதியும் (கிஷோர் குமார்) மோதும் ‘ஏக் சதுர் நார்’ பாட்டுப்போட்டி. இதன் தொடக்க அடி, ‘ஜூலா’ (1941) படத்தில் கிஷோரின் அண்ணன் அசோக் குமார் பாடிய பாடலிலிருந்து வந்தது. மெஹ்மூத்துக்குக் குரல் தந்த மன்னா டே முறையாகச் சாஸ்திரிய இசை பயின்றவர். கிஷோருக்கு அந்தப் பயிற்சி கிடையாது. ஆனாலும் ராகமும் ஸ்வரமும் அறிந்தவர் தோற்க, குறும்பும் குரல்வளமும் உள்ளவர் வெல்லும்படி போட்டி அமைந்தது. ஒருவர் பாட மற்றவர் வாயசைப்பது இந்தியத் திரைப்படத்தின் அன்றாட ஏற்பாடு. படோசன் அதையே கதையாக்கிக் கேலி செய்தது. அதன் நகைச்சுவை காலத்தால் மங்காததற்கு இது முக்கியக் காரணம்.

மறுபார்வை

மாஸ்டர் பிள்ளையின் குடுமி, வேட்டி, இழுத்துப் பேசும் இந்தி ஆகியவை வடநாட்டார் மனத்திலிருந்த ‘மதராசி’ உருவத்தை மேலும் உறுதிப்படுத்தின. தமிழரைக் கேலிப்பொருளாக்கிய பாத்திரம் என்ற விமரிசனம் நியாயமானதே. அதே வேளையில், பிள்ளை ஞானமில்லாதவராகக் காட்டப்படவில்லை. மெஹ்மூத்தின் நடிப்பும் அவருடைய தேர்ந்த வேடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பின்வந்த வடிவங்கள்

தெலுங்கில் இக்கதை 1981-இல் ‘பக்கிண்டி அம்மாயி’ என்று மீண்டும் படமானது. அதில் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியமும் நடித்தார். கன்னடத்தில் 2004-இல் ‘பக்கத்மனே ஹுடுகி’ என்ற பெயரில் வெளிவந்தது.