புக்கெட் டூ பாலி: நாலரை மணி நேர விமானப் பயணத்துக்கு ஏன் ஒரு முழு நாள் போகிறது?

ஐந்து நாள் லீவு, முன்னும் பின்னும் சனி, ஞாயிறு. மொத்தம் 9 நாள். "அவ்வளவு தூரம் போறோம், தாய்லாந்தோட பாலியையும் சேர்த்துப் பார்த்துடலாம்" என்று பெங்களூரு ஈஜிபுரா பிஜி மொட்டை மாடியில் ஒருவர் சொல்ல, மறுநாளே வாட்ஸ்அப் குரூப்பில் டிக்கெட் ஸ்கிரீன்ஷாட் வந்துவிடுகிறது.

மேப்பில் இரண்டும் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். டிக்கெட் விலையும் ஆசை காட்டும். ஆனால், முதல் ஊரைக் காலி செய்து இரண்டாவது ஊருக்குப் போய்ச் சேரும் அந்த 'டிராவல் டே'வில்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. கனெக்ஷன் விமானத்தைத் தவறவிடுவது, கவுன்டரிலேயே திருப்பி அனுப்பப்படுவது, விசாவுக்குக் கையில் பணம் இல்லாமல் நிற்பது எல்லாம் அன்றைக்குத்தான். புக்கெட்டில் இருந்து பாலி செல்லும் பயணத்தை உதாரணமாக வைத்து, கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

ஒரு நாள் எப்படிக் காலியாகிறது?

கோலாலம்பூர் வழியாகப் போவதாக வைத்துக்கொள்வோம். புக்கெட் - கோலாலம்பூர் சுமார் ஒன்றரை மணி நேரம். கோலாலம்பூர் - பாலி சுமார் 3 மணி நேரம். மொத்தம் நாலரை மணி நேரம்தான். இப்போது நடைமுறைக் கணக்கைப் பாருங்கள்.

காலை 7:30: படோங் பீச் ஹோட்டலில் இருந்து கிளம்புகிறீர்கள். விமான நிலையம் தீவின் வடக்கு மூலையில் இருக்கிறது. சாலையில் ஒரு மணி நேரமாவது ஆகும்.

காலை 11:00: விமானம் கிளம்புகிறது.

மதியம் 1:30: கோலாலம்பூர். ஒன்றரை மணி நேரப் பயணம்தானே, 12:30 ஆக வேண்டாமா என்று கேட்கலாம். மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னே. அந்த ஒரு மணி நேரம் போயே போச்சு.

மாலை 5:30: அடுத்த விமானம்.

இரவு 8:30: பாலி. இங்கு நேரம் மலேசியாவுக்குச் சமம்.

இரவு 9:45: விசா, இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் முடித்து வெளியே வருகிறீர்கள்.

இரவு 11:15: உபுட் ஹோட்டல்.

பாலி நேரப்படி காலை 8:30-க்குக் கிளம்பி இரவு 11:15-க்குச் சேர்ந்திருக்கிறீர்கள். மொத்தம் பதினாலே முக்கால் மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது நாலரை மணி நேரம் மட்டுமே. எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் இந்தக் கணக்கும்.

ஆக, 9 நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் ஒரு நாள். ஊர் சுற்ற மிஞ்சுவது 6 நாள்.

ஒரே டிக்கெட், இரண்டு டிக்கெட்: என்ன வித்தியாசம்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அது இதுதான்.

புக்கெட் - பாலி மொத்தமும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும், உங்களை பாலிக்குக் கொண்டு சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பார்கள். பொதுவாகப் பெட்டியும் நேராக பாலிக்குப் போய்விடும்.

இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் கதையே வேறு. முதல் நிறுவனத்தைப் பொறுத்தவரை, கோலாலம்பூரில் இறக்கிவிட்டதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை, நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அதாவது 'நோ ஷோ'. டிக்கெட் காலி. நடுவில் உள்ள அந்த நாலு மணி நேரத்துக்கு யாரும் பொறுப்பில்லை, உங்களைத் தவிர.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புக்கிங் ஆப்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம்போலக் காட்டுவதுண்டு. 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். பணம் கட்டும் முன் அதைத் தேடிப் பாருங்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு முறை தனித்தனியாக புக் செய்தாலும் அது இரண்டு டிக்கெட்தான். ஏர் ஏசியாவில் 'ஃப்ளை த்ரூ' என்ற கனெக்ஷன் வசதி இருக்கிறது. ஒரே புக்கிங்கில் எடுத்தால் கோலாலம்பூரில் பெட்டியை எடுக்காமலே மாறிக்கொள்ளலாம்.

தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், நடுவில் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். ஈஜிபுராவில் இருந்து தேவனஹள்ளி ஏர்போர்ட் சுமார் 40 கிலோமீட்டர். அதற்கே டிராஃபிக்கை நினைத்து இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புகிறவர்கள் நாம். வெளிநாட்டில் மட்டும் ஏன் ஒன்றரை மணி நேர கனெக்ஷனை நம்ப வேண்டும்?

"டிரான்சிட் தானே, விசா எதுக்கு?"

ஒரே டிக்கெட், பெட்டி நேராகப் போகிறது என்றால் பெரும்பாலும் இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டியதில்லை. செல்ஃப் டிரான்ஸ்ஃபரில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதாவது, சட்டப்படி நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள்.

மலேசியா: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால், இரண்டு மணி நேரத்துக்கு உள்ளே நுழைந்தாலும் எம்டிஏசி எனும் டிஜிட்டல் வருகை அட்டை வேண்டும்.

சிங்கப்பூர்: இந்தியர்களுக்கு விசா தேவை. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால், நிபந்தனைகளோடு 96 மணி நேர விசா இல்லா டிரான்சிட் கிடைக்கும். அதுவும் இல்லாமல், பெட்டியோடு சாங்கியில் செல்ஃப் டிரான்ஸ்ஃபர் என்று டிக்கெட் எடுத்தால் புக்கெட்டிலேயே நிறுத்திவிட வாய்ப்பு அதிகம்.

எந்த நாட்டுக்கு என்ன படிவம்?

தாய்லாந்து: 2025 மே 1 முதல் டிடிஏசி எனும் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. இந்தியர்களுக்கான விசா விலக்கு 2024 ஜூலையில் 60 நாளாக உயர்த்தப்பட்டது. இந்தக் கால அளவு மாறக்கூடியது என்பதால், கிளம்பும் முன் தூதரக இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலேசியா: எம்டிஏசி. இதற்கும் 3 நாள் கணக்குதான். இதுவும் இலவசம்.

இந்தோனேசியா: இங்கு செலவு உண்டு. 30 நாள் விசா ஆன் அரைவல் 5 லட்சம் ரூபியா. நம்ம பணத்தில் 3,000 ரூபாய்க்கு உள்ளே. இதையே முன்கூட்டி ஆன்லைனில் இ-விஓஏ ஆக எடுத்தால் ஒரு வரிசை மிச்சம். பாலிக்கு மட்டும் தனியாக, 2024 பிப்ரவரி 14 முதல் ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபியா சுற்றுலாக் கட்டணம். இதை 'லவ் பாலி' தளத்திலேயே கட்டலாம். 2025-ல் வந்த 'ஆல் இந்தோனேசியா' படிவத்தில் கஸ்டம்ஸ், சுகாதார விவரங்கள் சேர்ந்தே இருக்கின்றன.

எச்சரிக்கை: இலவசப் படிவத்துக்குப் பணம் கேட்கும் போலித் தளங்கள் கூகுள் தேடலில் மேலேயே வரும். அச்சு அசல் அரசுத் தளம்போலவே இருக்கும். டிடிஏசி, எம்டிஏசி நிரப்பும்போது கார்டு நம்பர் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

செக்-இன் கவுன்டரில் என்ன பார்ப்பார்கள்?

நுழைவு அனுமதி இல்லாத பயணியைக் கொண்டுபோனால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும், திருப்பிக் கொண்டுவரும் செலவும் சேரும். அதனால் முதல் சோதனை இமிக்ரேஷனில் அல்ல, செக்-இன் கவுன்டரிலேயே நடக்கிறது.

பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாத செல்லுபடி இருக்க வேண்டும். காலிப் பக்கம் வேண்டும். முக்கியமாக, அந்த நாட்டை விட்டு வெளியேறும் டிக்கெட் வேண்டும். பெங்களூருவில் தாய்லாந்து போர்டிங்குக்கு புக்கெட் - கோலாலம்பூர் டிக்கெட்டைக் காட்டுங்கள். புக்கெட்டில் கோலாலம்பூர் - பாலி டிக்கெட்டையும், கோலாலம்பூரில் பாலி - பெங்களூரு டிக்கெட்டையும் காட்ட வேண்டியிருக்கும். தனித்தனி புக்கிங் என்றால் எல்லாவற்றின் பிடிஎஃப்பும் போனில் ஆஃப்லைனில் இருக்கட்டும். ஏர்போர்ட் வைஃபையை நம்பி நிற்காதீர்கள்.

ஒரே ஊர்தான், ஆனால் ஒரே ஏர்போர்ட்டா?

கோலாலம்பூரில் ஏர் ஏசியா டெர்மினல் 2-ல் இயங்குகிறது. மலேசியா ஏர்லைன்ஸ் டெர்மினல் 1. இரண்டுக்கும் இடையில் ரயிலில் சில நிமிடங்கள்தான் என்றாலும், பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது, காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

பாங்காக் வழியாகப் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சுவர்ணபூமி, டான் முவாங் என்று ஊரின் இரு வேறு பக்கங்களில் இரண்டு விமான நிலையங்கள். குறைந்த கட்டண விமானங்கள் பலவும் டான் முவாங்கில் இருந்துதான். டிக்கெட்டில் 'பாங்காக்' என்று மட்டும் பார்க்காமல், பிகேகே-வா, டிஎம்கே-வா என்று குறியீட்டைப் பாருங்கள்.

பையில் எது இருக்கக் கூடாது?

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட் ஹவர். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் சுமார் 74 வாட் ஹவர் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால், 2025 ஜனவரியில் தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்ததற்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. தாய் ஏர்வேஸ் அதே ஆண்டு மார்ச்சிலும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரலிலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை போட்டன.

கைப்பை எடையும் கவனம். ஏர் ஏசியாவின் சாதாரண டிக்கெட்டில் இரண்டு பைகள் சேர்த்தே 7 கிலோதான். முதல் விமானத்தில் விட்டது இரண்டாவதில் விடும் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கஞ்சா. தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலில் இருந்து கஞ்சாவை நீக்கியது. 2025-ல் மீண்டும் மருத்துவச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. நடுவில் தெருவுக்குத் தெரு கடைகள். கஞ்சா கலந்த சாக்லேட், பிஸ்கட்கூட வந்தன. எல்லை தாண்டினால் அந்தச் சட்டம் உங்களோடு வராது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. சிங்கப்பூரில் 1 கிலோ கஞ்சா கடத்தலுக்கு உடந்தையாக இருந்த வழக்கில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் 2023 ஏப்ரல் 26 அன்று தூக்கிலிடப்பட்டார். "ஃபிரெண்ட் கொடுத்தான், பையில் இருந்தது தெரியாது" என்று இங்கே சொல்லித் தப்பிக்க முடியாது. கிளம்பும் முன் பையை ஒரு முறை முழுசாகக் கொட்டிப் பாருங்கள். யாருடைய பொருளையும் வாங்கி வைக்காதீர்கள்.

கடல், தரை வழியாகப் போகலாமா?

சில இடங்களில் அதுவே நல்ல வழி. தாய்லாந்தின் கோ லிப்பே தீவில் இருந்து மலேசியாவின் லங்காவிக்குப் படகு இருக்கிறது. ஏர்போர்ட் அலைச்சல் இல்லை. ஆனால், இது சீசன் சேவை. சுமார் நவம்பர் முதல் ஏப்ரல், மே வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் நம்பலாம்.

பாங்காக்கில் இருந்து பஸ்ஸில் அங்கோர் வாட் போவது பழைய பேக்பேக்கர் வழி. 2025 ஜூனில் தாய்லாந்து - கம்போடியா மோதலால் தரை எல்லைகள் மூடப்பட்டன, அடுத்த மாதமே சண்டையும் வெடித்தது. பழைய வீடியோவைப் பார்த்து பஸ் டிக்கெட் போடாமல், எல்லையின் அன்றைய நிலையைப் பாருங்கள்.

நம் கையில் இல்லாதவை

பாலிக்கு இரண்டு சிறப்புச் சிக்கல்கள். ஒன்று, நியேபி. பாலி இந்துக்களின் புத்தாண்டான அந்த மௌன நாளில் விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். 2025-ல் மார்ச் 29, 2026-ல் மார்ச் 19. சந்திர நாட்காட்டிப்படி வருடா வருடம் தேதி மாறும். இரண்டு, எரிமலை. 2024 நவம்பரில் புளோரஸ் தீவில் உள்ள லெவோடோபி லாகி-லாகி வெடித்தபோது, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலியில் ஏராளமான விமானங்கள் ரத்தாகின.

டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தால் மட்டும் போதாது. 'மிஸ்டு கனெக்ஷன்' பிரிவில் தனித்தனி டிக்கெட்டுக்கும் பணம் கிடைக்குமா, எத்தனை மணி நேர இடைவெளி இருக்க வேண்டும் என்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்போ, ரெண்டு ஊர் போகலாமா, வேண்டாமா?

9 நாள் இருந்தால் தாராளமாகப் போகலாம், ஒரு வேலை செய்தால். முதல் ஊருக்கே திரும்பி வந்து பெங்களூரு விமானம் பிடிக்காதீர்கள். அதில் இன்னொரு நாள் போகும். 'மல்டி சிட்டி' ஆப்ஷனில் போகும்போது புக்கெட், திரும்பும்போது பாலி என்று எடுங்கள். பெங்களூரு - பாலி நேரடி விமான சேவையை இண்டிகோ 2024 மார்ச்சில் தொடங்கியது. பாலியில் இருந்து நேராக வீட்டுக்கு வரலாம்.

ஐந்து, ஆறு நாள்தான் லீவு என்றால் ஒரே நாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கணக்கு எளிது: ஒவ்வொரு ஊரிலும் 3 முழு நாள் கிடைக்காவிட்டால், இரண்டாவது ஊரைச் சேர்க்க வேண்டாம்.

சேர்ப்பதாக முடிவு செய்தால், டிராவல் டே அன்று டூர், டின்னர், ஸ்பா எதையும் புக் செய்யாதீர்கள். இரண்டாவது ஹோட்டலுக்கு "இரவு தாமதமாக வருவோம்" என்று முன்பே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால், இரவு 11:15-க்கு ரிசப்ஷன் பூட்டியிருக்கும் வாசலில், பெட்டியோடு நிற்க வேண்டிவரும்.