உழிஞைக் கொடி யாது?

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தாலுகா தமிழகம் சேர்ந்தது. பாறசாலையை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அவ்வெல்லையோரச் சிற்றூர்களின் வேலிகளில் படரும் கொடியொன்றைத் தமிழர் முடக்கற்றான் என்பர். மலையாளிகள் உழிஞ என்பர். இவற்றுள் பழந்தமிழ்ப் பெயர் அவர்களுடையதே! பகைவர் அரணை முற்றிக் கொள்ளும் போரைத் தொல்காப்பியம் உழிஞைத் திணை என்கிறது. அப்போரில் வீரர் சூடியதும் உழிஞையே. நாம் அப்பெயரை ஏட்டோடு விட்டுவிட்டோம்.

இலையின்றிப் பிற செடிகளைப் பற்றி வாழும் கொற்றானே சங்ககால உழிஞை என்பாரும் உளர். மலையாள வழக்கை நோக்குங்கால், நாம் அதற்கு உடன்படோம். கொடியை அறிவது எளிது. பற்றுச்சுருளால் ஏறும், பூ வெண்ணிறம், மிகச் சிறிது, காய் காற்றடைத்த முப்பட்டைப் பை. சிறுவர் அதனை நெற்றியில் அடித்து வெடிப்பர். உள்ளிருக்கும் கரிய விதை ஒவ்வொன்றிலும் இதய வடிவில் வெள்ளைப் புள்ளி உண்டு. லின்னேயஸ் 1753இல் நூலிற் பதித்த கார்டியோஸ்பெர்மம் என்னும் பெயருக்கும் இதய விதை என்பதே பொருள்.

மூட்டு முடக்கை அறுப்பதென்று நம் மனைகளில் இக்கீரையைத் தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பர், ரசமும் வைப்பர். மலையாள மனைகளிலோ இது தசபுஷ்பம் பத்தினுள் ஒன்று. மதிலேறிய மறவன் சூடிய கொடியைத் திருவாதிரை இரவில் அங்கே மகளிர் கூந்தலில் காணலாம்.