ஆதுலசாலை: சொல்லும் பொருளும்

இடைக்காலத் தமிழில் பயின்றுவரும் மருத்துவச் சொற்களுள் 'ஆதுலசாலை' ஆராயத்தக்கது. 'ஆதுர' என்னும் வடசொல்லே தமிழில் ரகரம் லகரமாகத் திரிந்து 'ஆதுலர்' என வழங்கியது. ஆயுர்வேத நூல்களில் அச்சொல் நோயாளியைக் குறிக்கும். மலையாளத்தில் ரகரம் திரியாமல் நின்று, இன்றும் மருத்துவமனை 'ஆதுராலயம்' எனப்படுகிறது. 'சாலை' என்பது இங்கு வழியன்று. அறச்சாலை, பாடசாலை என்பவற்றிற்போல ஒரு பணிக்கென அமைந்த இடமாகும்.

தமிழில் 'ஆதுலர்' என்பதற்கு நோயாளர் என்பதோடு வறியவர் என்னும் பொருளும் உண்டு. மரபு வழியாகத் தொகுத்துரைக்கப்படும் 32 அறங்களுள் 'ஆதுலர் சாலை' ஒன்று. 'நோய் மருந்து' மற்றொன்று. மருந்தளித்தல் தனி அறமாக எண்ணப்படுவதால், அப்பட்டியலில் 'ஆதுலர்' என்பது ஆதரவற்றோரைச் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. எனவே ஒரு சாசனத்தில் இச்சொல் வரும்போது அது மருத்துவமனையைக் குறிக்கிறதா, வறியோர் காப்பிடத்தைக் குறிக்கிறதா என்னும் ஐயம் எழுகிறது.

இவ்வையத்தை ஓரிடத்திலேனும் ஐயமறத் தீர்ப்பது, வீரராசேந்திர சோழன் (கி.பி. 1063–1070) காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை கூடும் அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் இயங்கிய 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையின் அமைப்பை இது விரித்துரைக்கிறது. கோயிற் பணியாளரும், அங்கிருந்த கல்விச்சாலை மாணவரும் அதனாற் பயனடைந்தனர். நோயாளர் 15 பேர் தங்குவதற்கு இடமிருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து செய்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் எனப் பணியாளர் குறிக்கப்பெறுகின்றனர். ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளாகத் தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம் முதலிய ஏறத்தாழ 20 பெயர்கள் சுட்டப்படுகின்றன. இப்பெயர்கள் ஆயுர்வேத மரபின. ஆகவே 'ஆதுலர்' என்னும் சொல்லும் அம்மரபிற்குரிய பொருளிலேயே இங்கு ஆளப்பட்டுள்ளது என்பது தெளிவு.

எனினும், திருமுக்கூடற் பொருளைப் பிற சாசனங்கள் அனைத்திற்கும் ஏற்றியுரைத்தல் பொருந்தாது. நோயும் வறுமையும் பெரும்பாலும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தமையால் இருபொருளும் ஒருசொல்லில் அடங்கின எனலாம். மருத்துவர்க்குரிய காணி, மருந்து, நோயாளர் எண்ணிக்கை ஆகியவற்றுள் ஒன்றேனும் உடன் சுட்டப்பெறும் இடத்திலேயே ஆதுலசாலையை மருத்துவமனை எனத் துணிதல் வேண்டும். சொல் ஒன்றையே சான்றாகக் கொண்டு சோழநாட்டு மருத்துவமனைகளை எண்ணுவது, வரலாற்றை மிகைப்படுத்துவதாக முடியும்.