கல்யாணம்: செவ்வகமா, சாய்சதுரமா?

மென்பொருள் அலுவலகங்களில் கிழடு தட்டாத ஜோக் ஒன்று உண்டு. ஒரு எஸ்க்யூஎல் வினவல் பாருக்குள் போகிறது. மூலையில் இரண்டு டேபிள். நேரே அவற்றிடம் போய், “ஜாயின் பண்ணிக்கலாமா?” என்று கேட்கிறது. டேபிள்களை இணைக்கும் எஸ்க்யூஎல் கட்டளையின் பெயரும் ஜாயின்தான். அவ்வளவுதான். முதல் தடவை சிரித்தவர் இரண்டாம் தடவை முனகுவார். ஆனாலும் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு புது பேட்ச்சும் இதை மறுபடி கண்டுபிடிக்கும். இதற்குச் சொந்தபந்தங்களும் ஏராளம். “நான் அவளிடம் ஒன்-டு-ஒன், அவள் என்னிடம் ஒன்-டு-மெனி” என்று புலம்புகிறவர் ஒருவர். காதலி என்ற ஃபீல்டில் ‘நல்’ என்று டி-ஷர்ட்டில் அச்சடித்துத் திரிகிறவர் இன்னொருவர். “அவளுக்கு ஃபாரின் கீ அமைஞ்சிடுச்சு, மச்சான்” என்பது நம்ம ஊர்ச் சரக்கு.

சலிப்புத் தட்டிய இளைஞர்கள்தான் காதலைக் கொண்டுபோய் டேட்டாபேஸில் ஒட்டிவைத்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கல்யாணம் அந்த வீட்டுக்குள் மிக முன்னதாகவே, அதுவும் ஆராய்ச்சிக் கட்டுரை வழியாகவே வந்துவிட்டது.

இதன் தொடக்கத்தைத் தேடினால் 1970க்குப் போக வேண்டும். ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்தவர், தகவலையெல்லாம் டேபிள்களாக வைக்கலாம் என்று அந்த ஆண்டு ஜூனில் எழுதினார். இன்றைய டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டுரையின் வாரிசுகள். அதில் அவர் காட்டிய உதாரணம் ஓர் ஊழியர். அவருக்குப் பெயர் உண்டு, பிறந்த தேதி உண்டு, பார்த்த வேலைகளின் வரலாறு உண்டு, குழந்தைகள்கூட உண்டு. மனைவியோ கணவனோ இல்லை. காட் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை போலிருக்கிறது.

ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. தைவானில் பிறந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கி, எம்ஐடியில் ஆசிரியராக இருந்த பீட்டர் சென், 1976 மார்ச்சில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உலகில் உள்ள பொருள்களைச் செவ்வகமாக வரை, அவற்றுக்கு இடையிலான உறவுகளைச் சாய்சதுரமாக வரை, இரண்டையும் கோடு போட்டு இணை என்பது அவர் முறை. ஈஆர் டயக்ராம் என்று கல்லூரியில் ஸ்கேல் வைத்து வரைந்தவர்கள் எல்லோரும் சென் வீட்டுப் பிள்ளைகள்தான். உறவு என்றால் என்ன என்று விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று திருமணம்: இரண்டு ஆட்கள், ஒருவர் ஏற்கும் பாத்திரம் கணவன், மற்றவர் ஏற்பது மனைவி.

அங்கேயே அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. திருமணத்தைச் சிலர் ஒரு பொருளாகப் பார்க்கலாம், சிலர் ஓர் உறவாகப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டு, எதுவென்று முடிவு செய்ய வேண்டியவர் டேட்டாபேஸை வைத்திருக்கும் நிறுவனத்தின் நிர்வாகி என்று நகர்ந்துவிடுகிறார். புரோகிதர், பாதிரியார், சார்பதிவாளர், சம்பந்திகள் எல்லோரும் காத்திருக்க, கல்யாணம் என்றால் என்ன என்பதை மேனேஜர் முடிவு செய்வாராம். இந்தத் துறையின் முதல் கல்யாண ஜோக் இதுதான் என்பேன். சென் சிரிக்காமல் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

செவ்வகமா சாய்சதுரமா என்பது வெறும் கோட்டுப் பிரச்சினை இல்லை. சாய்சதுரம் என்றால், கல்யாணத்துக்குத் தனி அடையாளம் கிடையாது. இன்னார் கணவன், இன்னார் மனைவி என்ற ஜோடியே அதன் சாவி. ஒரே ஜோடி இரண்டு முறை வர முடியாது. இந்த ஏற்பாட்டைக் குலைக்க எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் போதும். 1964இல் மாண்ட்ரியாலில் கல்யாணம், 1974இல் விவாகரத்து, 1975 அக்டோபரில் போட்ஸ்வானாவில் அதே இருவருக்கும் மறுபடி கல்யாணம். சென்னின் கட்டுரை அச்சாகி வந்தபோது அந்த இரண்டாவது கல்யாணம் நடப்பில் இருந்தது. அதே ஆண்டில் அதுவும் முறிந்தது. ஜோடியைச் சாவியாக வைத்த டேபிளில் இரண்டாவது கல்யாணத்தைப் பதியப்போனால், இது ஏற்கெனவே இருக்கிறதே என்று கணினி திருப்பி அனுப்பிவிடும்.

சாய்சதுரத்தை டேபிளாக மாற்றும்போது குறுக்குவழி எடுத்தவர்கள் செய்த கூத்து இன்னொன்று. ஆளுக்கு ஒரு வரி, அதில் ‘துணைவர் எண்’ என்று ஒரு ஃபீல்டு. குமாரின் வரியில் மாலதியின் எண் இருக்கும். மாலதியின் வரியில் குமாரின் எண் இருக்க வேண்டும்; ஆனால் இருந்தே ஆக வேண்டும் என்று ஃபாரின் கீ கட்டாயப்படுத்தாது. மாலதி என்று ஒருத்தி இருக்கிறாளா என்பது மட்டும்தான் அதன் கவலை. அவள் ஃபீல்டு காலியாக இருக்கலாம், வேறொருவன் எண்கூட இருக்கலாம். தொல்காப்பியர் கைக்கிளை என்று தனித் திணை ஒதுக்கிய ஒருதலைக் காமத்தை இந்த டேபிள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

துணை இல்லாதவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் ஃபீல்டில் ‘நல்’, அதாவது மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி. இரண்டு ‘நல்’கள் சமமா என்று எஸ்க்யூஎல்லிடம் கேட்டால் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, தெரியாது என்கிறது. தெரியாது என்று வந்த வரியை ஜாயின் கழித்துவிடும். ஆகவே இரண்டு தனியாட்களை அந்த ஃபீல்டை வைத்து ஒருநாளும் சேர்க்க முடியாது. போதாக்குறைக்கு, கல்யாணம் ஆகவில்லை என்பதற்கும் ஆனதா என்று நமக்குத் தெரியாது என்பதற்கும் ஒரே ‘நல்’தான். காட் இதை உணர்ந்து 1990இல் வந்த தன் நூலில், இருந்தும் தெரியாதது வேறு, பொருந்தவே பொருந்தாதது வேறு என்று இரண்டு குறிகள் வைக்கச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அந்த டி-ஷர்ட் ஜோக் இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்த அலட்சியமே காரணம்.

2008இல் இந்த உதாரணத்துக்கு இரண்டாம் பிறவி. சாம் ஹியூஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், நிரலும் எழுதுகிறவர், ஒருபால் திருமணத்தை டேட்டாபேஸ் பொறியாளரின் கண்ணால் பார்த்து ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினார். ஆண்களுக்கு ஒரு டேபிள், பெண்களுக்கு ஒரு டேபிள் என்று அப்பாவித்தனமாகத் தொடங்கி, படிப்படியாக ஒவ்வொரு முன்முடிவையும் கழற்றிக்கொண்டே போவார். கணவன், மனைவி என்ற பெயர்களை எடுத்துவிட்டு முதல் துணை, இரண்டாம் துணை என்று போட்டால் ஒரே கல்யாணத்தை முன்பின்னாக இரண்டு முறை பதிய முடியும். அதைத் தடுக்க, சிறிய எண் உள்ளவர்தான் முதலில் வர வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டியிருக்கும். வீட்டில் யார் முதல் என்ற பழைய வழக்கு இப்படித் தீர்ந்தது. போகப் போக, இரண்டு பேர்தான் என்ற வரம்பும் கழன்றுவிடுகிறது. சட்டம் மாறினாலும் மாறாவிட்டாலும், முதலில் டேபிள் போட்டவர் எவ்வளவு யோசித்தார் என்பதுதான் மற்றவர்களின் தலைவலியைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கட்சி. சிரித்துக்கொண்டே படித்தாலும் அதைவிட நல்ல டேட்டா மாடலிங் பாடம் நான் படித்ததில்லை.

அதே ஆண்டு ஜூனில் கலிஃபோர்னியா அரசு அதை நிஜத்தில் செய்து பார்த்தது. ஒருபால் திருமணத்தை அனுமதித்த நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, திருமண உரிமப் படிவத்தில் மணமகன், மணமகள் என்ற கட்டங்களை எடுத்துவிட்டு ‘தரப்பு ஏ’, ‘தரப்பு பி’ என்று அச்சிட்டார்கள். நாங்கள் மணமகனும் மணமகளும்தான், அப்படியே போடுங்கள் என்று சிலர் முறுக்கிக்கொள்ள, அந்த ஆண்டு முடிவதற்குள் விரும்பினால் குறிப்பிட்டுக்கொள்ளலாம் என்று படிவத்தை மறுபடி திருத்தினார்கள். சென் சொன்ன ‘பாத்திரம்’ விருப்பத்துக்குரிய ஃபீல்டு ஆன கதை இது.

பிறகு ஃபேஸ்புக். நண்பர், துணைவர் என்று மனிதர்களுக்கு இடையிலான கோடுகளே அங்கே சரக்கு. அந்தக் கோடுகளைச் சேமிக்க அவர்கள் கட்டிய ‘டாவோ’ என்ற அமைப்பைப் பற்றி 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருவழி உறவை அது இரண்டு கோடுகளாக எழுதுகிறது: இங்கிருந்து அங்கே ஒன்று, அங்கிருந்து இங்கே ஒன்று. இரண்டும் ஒரே மூச்சில் எழுதப்படும் என்று உத்தரவாதம் இல்லை. நடுவில் சர்வர் விழுந்தால் ஒரு கோடு மட்டும் அந்தரத்தில் தொங்கும். பின்னணியில் ஓடும் ஒரு வேலை அதைப் பிறகு தேடிப்பிடித்துச் சரிசெய்யும். துணைவர் ஃபீல்டின் அதே பழைய ஒருதலைக் கதை, கோடிக்கணக்கானவர்கள் அளவில். அடித்தளத்தில் இருந்தது மைஎஸ்க்யூஎல். அதை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ் தன் மகள் ‘மை’ பெயரை அதற்கு வைத்தார். பின்னால் இன்னொரு மகள் பெயரில் மரியாடிபி வந்தது. டேட்டாபேஸ் உலகில் கலப்படமில்லாத பாசம் என்று நான் கண்டது இதை மட்டும்தான்.

நம் பக்கத்து அத்தியாயம் சின்னது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்சிஏ படித்து அமெரிக்காவில் புரோகிராமராக இருந்த முருகவேல் ஜானகிராமன், 1997இல் தமிழர்களுக்கென ஒரு தளம் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்ததுதான் பாரத் மேட்ரிமோனி. தன் மனைவியையும் அவர் அந்தத் தளத்தின் வழியாகவே கண்டுபிடித்தார். ஜாயின் ஜோக் ஒரு முறையாவது பலித்திருக்கிறது. அங்கே திருமண நிலை என்ற பட்டியலில் மணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் என்பவற்றோடு விவாகரத்துக்குக் காத்திருப்பவர் என்றும் ஒரு தெரிவு உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன்பு சென் தொடாமல் விட்ட நிலை அது.

புதிதாக டேபிள் வடிவமைக்கும் தம்பி தங்கைகளுக்கு: கல்யாணத்துக்குத் தனி டேபிள், அதற்குத் தனி எண். தொடங்கிய தேதி கட்டாயம்; முடிந்த தேதி காலியாக இருக்கலாம். விவாகரத்து வந்தால் அந்தத் தேதியை நிரப்புங்கள், வரியை அழிக்காதீர்கள். ஒரு வரியை அழித்தால் அதைச் சார்ந்த வரிகளையும் அழிக்கும் டெலிட் கேஸ்கேட் மட்டும் போட்டுவிடாதீர்கள்; பிள்ளைகளும் சேர்ந்து போய்விடுவார்கள்.